கழுத்தில் கிடந்த மோதிரம்

கோலார் தங்க வயல்,
1897 ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மனைவி லூயிசாவுக்கு உன் புருஷன் ஜெயகரன் அன்போடு எழுதுவது. நான் இங்கே சுகம். குடியாத்தத்தில் நீயும் நம் குழந்தையும் மாமாவும் அத்தையும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன்.

பெண் குழந்தை பிறந்த செய்தி மாமா எழுதிய கார்டில் வந்து சேர்ந்தது. தாயும் சேயும் நலம் என்று ஒரு வரி, மீதி இடம் முழுவதும் எனக்குப் புத்திமதி. குழந்தை கறுப்பா சிவப்பா, மூக்கு யாருடையது, அழுதால் குரல் எப்படி, இதெல்லாம் அந்தக் கார்டில் இல்லை. நீயாவது எழுது. என் மூக்குதான் என்றால் மெதுவாகச் சொல், தாங்கிக்கொள்கிறேன்.

நம் லைனில் வரிசையாக இருக்கிற எல்லா வீட்டுக்கும் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பார்வதம்மா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அப்பன்காரன் இன்னும் புள்ள மூஞ்சியப் பாக்கல, அதுக்குள்ள ஊருக்கெல்லாம் படி அளக்கிறான் என்று கேலி செய்தாள். அவள் புருஷன் காத்தவராயன்தான் சுரங்கத்தில் எனக்கு ஜோடி என்பது உனக்குத் தெரியும். நான் பாறையில் துளை போடும் கம்பியைப் பிடிக்க, அவன் சம்மட்டியால் அடிப்பான். ஒரு அடி தவறினால் என் கை போய்விடும். இதுவரை தவறவில்லை. ஆனால் கார்டு வந்த மறுநாள் அவன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னாப்பா, இன்னிக்கு நீ கம்பியப் பாக்கறியா, குடியாத்தத்தப் பாக்கறியா என்று கேட்டான்.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். போன வாரக் காற்றில் கூரைத் தட்டி ஒரு பக்கம் பெயர்ந்தது, கட்டிவிட்டேன். நீ வைத்த பூசணிக்கொடியை யாரோ வளர்க்கும் ஆடு தின்றுவிட்டது, அதை என்னால் கட்ட முடியவில்லை. சோறு சில நாள் குழைகிறது, சில நாள் பல்லை உடைக்கிறது. ராத்திரி ஜெபத்தில் கீர்த்தனையை நான் ஒருவனே பாடுகிறேன். நீ இருந்தால் இரண்டாவது அடியில் என்னை நிறுத்திவிட்டு நீ பாடுவாய். இப்போது நிறுத்த ஆளில்லாமல் முழுவதும் பாடி முடித்துவிடுகிறேன். பாவம், பார்வதம்மா சுவரைத் தட்டுகிறாள்.

மாமா அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கடிதத்தை நீங்கள்தான் முதலில் வாசிப்பீர்கள் என்று அறிவேன். உங்களிடம் படித்த பிள்ளை நான், பிழை இருந்தால் மன்னிக்கவும். உங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டாம் வாத்தியார் வேலை பேசி வைத்திருப்பதற்கு நன்றி. சுரங்கம் ஆபத்தான இடம், மகளையும் பேத்தியையும் அங்கே அனுப்ப மனசு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயம். ஆனால் ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். இங்கே சுரங்கத்துக்குள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கும்போது எல்லாரும் ஒருவன் தோளோடு ஒருவன் தோள் இடித்துக்கொண்டுதான் நிற்கிறோம். ஒரே வாளித் தண்ணீர், ஒரே தகரக் குவளை. என் மகள் இந்த மண்ணில் நடை பழகட்டும் என்பது என் ஆசை. ஞானஸ்நானத்தையும் இங்கே நம் தகரக்கொட்டகைச் சபையிலேயே வைக்கலாம். தயவு பண்ணி அவர்களை அனுப்பி வையுங்கள்.

லூயிசா, விரல் வீக்கம் வடிந்ததா? ஏழாம் மாதத்தில் வீங்குகிறது என்று நீ கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன கல்யாண மோதிரம் பத்திரமாக இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறேன் என்று மட்டும் கேட்காதே.

பிள்ளைக்கு என் முத்தம். அத்தையை அதிகம் வேலை வாங்காதே.

உன்,
ஜெயகரன்.


கோலார் தங்க வயல்,
மே மாதம், செவ்வாய்.

என் லூயிசாவுக்கு,

கெங்கையம்மன் திருவிழாவுக்குப் பார்வதம்மா குடியாத்தத்துத் தாய்வீட்டுக்கு வருகிறாள். இந்தக் கடிதத்தை உன் கையில்தான் கொடுப்பாள், வேறு யார் கேட்டாலும் இல்லை என்பாள். மாமாவின் மூக்குக்கண்ணாடிக்குத் தப்பிய கடிதம் இது. ஆகையால் மனசில் இருப்பதை எழுதுகிறேன். பயப்படாதே, எனக்கு அடிபடவில்லை.

உன் மோதிரத்தைத் துரைகள் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

நீ ரயிலேறிய அன்றே அதைக் கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சுரங்கத்துக்குள் கடுக்கன்கூடப் போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பது சட்டம். ஆனால் இதுவரை நாங்கள் வேலை செய்தது பொன் ஓடாத வெறும் பாறை லெவல். மேலே வரும்போது இடுப்பை மட்டும் தடவிப் பார்த்து விட்டுவிடுவார்கள், கழுத்தை யார் பார்க்கப் போகிறார்கள். போன வாரம் எங்களைப் பொன் ரேகை ஓடும் லெவலுக்கு மாற்றினார்கள். அங்கேயிருந்து ஏறி வருகிறவனுக்குச் சோதனை வேறு மாதிரி. கொட்டகைக்குள் நிறுத்தித் துணியை அவிழ்க்கச் சொல்வார்கள், குடுமியை உதறச் சொல்வார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள். இதை யோசிக்காமல் மாட்டிக்கொண்டே போய்விட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

சோதனைத் துரை நூலை அறுத்து மோதிரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். என் விரலில் போடச் சொன்னார். சுண்டுவிரலில்கூட நுழையவில்லை. உள்ளே கிடைத்த பொன்னை வெளியே தட்டானிடம் கொடுத்து உருக்கி நகையாக்குகிறாயா என்று கேட்டார். என் மனைவியின் மோதிரம் என்றேன். மனைவி எங்கே என்றார். தாய்வீட்டில் என்றேன். அப்புறம் அவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கிளார்க் ராஜப்பா அதைத் தமிழில் சொன்னான்: பொண்டாட்டி நகைய ஆம்பள எதுக்குக் கழுத்துல மாட்டிக்கினு திரியறான்னு தொரை கேக்கறார்.

லூயிசா, அரைத் துணியோடு ஒரு ஷிப்ட் ஆளே நின்று பார்க்கிறது. காத்தவராயன்தான் பின்னாலிருந்து, அவனுக்குப் பொண்டாட்டி மேல ஆசை தொரை, அவ்ளோதான் என்று கத்தினான். கொட்டகையே சிரித்தது. ராஜப்பாவுக்கு அதைத் துரையிடம் சொல்ல வெட்கம். மறந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்று மாற்றிச் சொல்லிவிட்டான். மறந்து போன மோதிரம் தானே நூலில் ஏறிக்கொண்டதா என்று துரைக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

இப்போது எனக்குச் சுரங்கத்தில் இறங்கத் தடை. மோதிரத்துக்கு உடையவள் வந்து அது தன்னுடையதுதான் என்று சொல்லவேண்டும், இல்லையென்றால் நமக்குக் கல்யாணம் செய்து வைத்த பாதிரி ஐயர் எழுதித் தரவேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் இரண்டில் ஒன்று நடக்கவில்லை என்றால் வேலை போய்விடும். வேலை போனால் லைன் வீட்டையும் காலி செய்யவேண்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் என்னை மோதிரக்காரன் என்கிறான். திருடன் என்று யாரும் சொல்லவில்லை, இவர்களுக்கு என்னைத் தெரியும். ஆனால் சோதனைக் கொட்டகையைத் தாண்டும்போது தலை தானாகக் குனிகிறது.

துரைக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன். உள்ளே வெளிச்சம் என்றால் களிமண்ணில் ஒட்டி வைத்த மெழுகுவத்தி ஒன்றுதான். தூரத்தில் வெடி வைத்தால் அந்தக் காற்று லெவல் முழுக்க அடித்து எல்லா வத்தியும் ஒன்றாக அணைந்துபோகும். மறுபடி ஏற்றும்வரை யாரும் பேசமாட்டோம். அந்த இருட்டில் என் கை மோதிரத்தைத் தேடிப் போகும். அதைப் பிடித்துக்கொண்டால் நீ இருக்கிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான். உன்னைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பகலில் சமாளித்துவிடுகிறேன், வீட்டுக்குள் நுழைந்ததும்தான் முடியவில்லை. தொட்டிலுக்கு மரம் பார்த்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தாலும் துக்கம் வருகிறது.

பாதிரி ஐயரிடம் ஒரு சீட்டு வாங்கி அனுப்பு. நீ வரவேண்டாம். வா என்று எழுதினால் கைக்குழந்தையோடு அடுத்த வண்டியிலேயே கிளம்பிவிடுவாய் என்று தெரியும், அதனால்தான் எழுதவில்லை. அந்தக் கொட்டகை நீ நிற்கிற இடமில்லை. சாட்சி சொல்வதற்காக வராதே. வருவதானால் நம் வீட்டுக்கு வா.

மாமாவுக்கு இது தெரியவேண்டாம். ஏற்கெனவே அவருக்கு நான் தேறாத பிள்ளை.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன்,
ஜெயகரன்.


குடியாத்தம்,
மே மாதம், திங்கள்.

என் பிரிய புருஷன் அவர்களுக்கு உங்கள் லூயிசா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். பார்வதம்மா கடிதத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், சோதனைத் துரை கெட்டார்.

பாதிரி ஐயர் வெயிலுக்குப் பயந்து மலைக்குப் போய்விட்டார். மழை பிடித்த பிறகுதான் இறங்குவாராம். ஆகையால் சீட்டு இல்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபிக்காதீர்கள், அப்பாவிடம் மறைத்து வைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அவர், இது கர்த்தர் திறந்த வாசல், அந்த வேலை போனால் போகட்டும், மாப்பிள்ளை இங்கே வந்து பள்ளிக்கூடத்தில் சேரட்டும் என்றார். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒன்று கேட்டேன். அப்பா, தினமும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் எந்த வழியாகப் போகிறீர்கள் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பெரிய தெரு நேர் வழி, ஆனால் அங்கே நம்மை நடக்க விடமாட்டார்கள். கோட்டுப் போட்டு, கையில் வேதபுத்தகம் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாக என் அப்பா ஏரிக்கரையைச் சுற்றித்தான் போகிறார். இந்தப் பிள்ளையும் உங்கள் பின்னால் அந்தக் கரையில்தான் நடக்கவேண்டுமா என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். கேட்டிருக்கக் கூடாதோ என்று அம்மாவிடம் அழுதேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் அப்பா கோட்டை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார். எதற்கு என்றேன். துரையிடம் பேச ஒரு ஆள் வேண்டாமா, உன் புருஷனுக்கு நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் போதாது என்றார். எங்களைக் கொண்டுவந்து விட அவரும் வருகிறார். வியாழக்கிழமை வண்டி. பவுரிங்பேட்டை ஜங்ஷனுக்கு வந்து நில்லுங்கள், அங்கே வண்டி மாறும்போது மூட்டையையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்க என்னால் ஆகாது. ஒரு கம்பளி கொண்டுவாருங்கள், அங்கே ராத்திரிக் குளிர் இவளுக்குப் பழக்கமில்லை.

மூக்கு உங்களுடையதுதான். முதல் நாள் பார்த்துவிட்டு ரொம்ப வருத்தப்பட்டேன். இப்போது தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழுதால் நீங்கள் கீர்த்தனை பாடுகிற மாதிரியே இருக்கிறது. ஞானஸ்நானத்துக்குத் தகரக்கொட்டகைச் சபையில் சொல்லி வையுங்கள்.

கொட்டகையில் நிற்க எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அந்தத் துரை என்னிடம் கேட்டால், நீங்கள் விட்ட பதிலை நான் சொல்கிறேன். ராஜப்பா கிளார்க் ஒரு வார்த்தை விடாமல் அவருக்குச் சொல்லட்டும். அப்பா பக்கத்தில் நின்று சரிபார்ப்பார்.

ஆனால் ஒன்று உங்களுக்கு மட்டும். விரல் வீங்கியது மெய்தான். கழற்றியே ஆகவேண்டும் என்கிற அளவுக்கு வீங்கவில்லை. நீங்கள் ஷிப்டுக்குப் போயிருந்தபோது சோப்பு போட்டு இழுத்துக் கழற்றினேன், தோல் உரிந்துவிட்டது. என்னுடையது என்று ஏதாவது உங்களிடம் இருந்தால் சீக்கிரம் திரும்பி வரலாம் என்று ஒரு எண்ணம். பெட்டியில்தான் வைப்பீர்கள் என்று நினைத்தேன். கழுத்தில் போட்டுக்கொள்வீர்கள் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு ரயில் ஏறியே இருக்கமாட்டேன்.

மோதிரம் கிடைத்ததும் என் விரலில் போட்டுவிடுங்கள். இனி அது உங்களோடு உள்ளே இறங்கவேண்டாம். வத்தி அணைந்து கை கழுத்துக்குப் போனால், லூயிசா மேலே லைன் வீட்டில்தான் இருக்கிறாள், விளக்கு ஏற்றியாயிற்று, சோறு வடித்தாயிற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். கேஜ் ஏறி வருகிறவரைக்கும் நான் தூங்கமாட்டேன்.

பூமிக்குக் கீழே உங்களைக் காக்கிறவர் வியாழக்கிழமை வரைக்கும் என்னையும் பொறுமையாக வைக்கட்டும்.

உங்கள்,
லூயிசா.