என் மகளைப் பாராட்டுவதைத் தடுத்து நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
பொற்கொடி கதிரேசன்,
கிராம சுகாதார செவிலியர்,
கிழக்கு வீதி, பூளைக்காட்டுப்புதூர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
பூளைக்காட்டுப்புதூர்.

பொருள்: எங்கள் ஊர் டென்னிஸ் தளத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகள் இனியாவுக்கு நடத்தப்படவிருக்கும் பாராட்டு விழாவுக்கு இடம் தர மறுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பெற்ற மகளுக்கு ஊரே கூடி விழா எடுக்கும்போது அதைத் தடுக்கச் சொல்லித் தாயே மனுக் கொடுப்பது தங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக இருக்கலாம். எனக்கும் புதிதுதான். தாங்கள் மாறுதலாகி இவ்வூருக்கு வந்து சில மாதங்களே ஆவதால், நடந்ததை முதலிலிருந்து சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

2. என் மகள் இனியா தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரி. உலகத் தரவரிசையில் இருநூற்றுச் சொச்சத்தில் இருக்கிறாள். இருநூறு என்றால் கடைசி பெஞ்சா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. உலகத்தில் இந்த விளையாட்டை ஆடும் பெண்கள் எத்தனை லட்சம் என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. அடுத்த முறை ஊசி போட வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறேன். ஜனவரியில் மெல்போர்னில் நடக்கும் ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்பு அவளுக்கு முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது. அங்கே மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து வென்றால் பெரிய போட்டிக்குள் நுழையலாம். அடுத்த வாரம் புறப்படுகிறாள்.

3. மேற்படி டென்னிஸ் தளம் பேரூராட்சி நிலத்தில் உள்ளது. அதைப் பராமரித்து வருவது ஊர் மனமகிழ் மன்றம். மன்றத்தின் செயலாளரான திரு. செங்கோடன் அவர்கள், தேங்காய் எண்ணெய் ஆலை உரிமையாளர், தம் மகள் வர்ஷினி ஆடுவதற்காக முன்னின்று அதைக் கட்டினார். சிமென்ட் தளம், பச்சை வர்ணம், நாலு பக்கமும் கம்பி வலை என்று எல்லாம் வந்தன. வர்ஷினியோடு ஆட ஆள் மட்டும் வரவில்லை. ஊரில் வேறு யாருக்கும் அந்த விளையாட்டு தெரியாது. உறுப்பினர் அல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்பது மன்றத்தின் விதி. அது எழுதி வைத்த விதியா, பழக்கத்தில் வந்த விதியா என்று நான் கேட்டதில்லை. என் பெற்றோர் மன்றத்துக்கு எதிரிலிருந்த வயல்களில் நாற்று நட்டவர்கள். அந்தக் கேட்டின் உட்பக்கத்தை அவர்கள் பார்த்ததே இல்லை.

4. வர்ஷினியும் இனியாவும் நான்காம் வகுப்பில் ஒரே பெஞ்சு. ஒருநாள் மாலை வர்ஷினி வலைக்கு அருகில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, "இனியா வந்தாத்தான் எந்திரிப்பேன்" என்று சொல்லிவிட்டு முறுக்குத் தின்ன ஆரம்பித்தாள். திரு. செங்கோடன் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். குழந்தை அடுத்த முறுக்கை எடுத்தது. கடைசியில் அவரே கேட்டைத் திறந்துகொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "ஏனுங் நர்சம்மா, உங்க புள்ளைய ஒரு அரைமணி நேரம் அனுப்பி வெய்யுங்க. இல்லாட்டி எம்புள்ள ஊட்டுக்கு வரமாட்டீங்குது" என்றார். என் மகளின் டென்னிஸ் வாழ்க்கை இவ்வாறு தொடங்கியது.

5. இரண்டு ஆண்டுகள் கழித்து ஈரோட்டில் சிறுமியர் போட்டி ஒன்றின் இறுதி ஆட்டத்தில் இவர்கள் இருவருமே மோதும்படி ஆயிற்று. இனியா ஒரு கேமைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. தோற்ற வர்ஷினி சிரித்துக்கொண்டே ஓடிவந்து என் மகளைக் கட்டிக்கொண்டு, "அப்பா, இனி நான் வெளையாட வேண்டியதில்லைல்ல?" என்று கேட்டாள். அந்தக் குழந்தைக்குப் பிடித்தது ஆடுமாடுகள். இன்று நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். திரும்பும் வழியில் திரு. செங்கோடன் கோபிக்கு முன்னால் ஒரு பேக்கரியில் காரை நிறுத்தி எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கினார். தன் பன்னைப் பாதி தின்ற பிறகு பின் இருக்கைப் பக்கம் திரும்பி, "இனியா கண்ணு, நாளைக்கு நேரமே வந்துரு" என்றார். அன்று முதல் அவள் அந்தத் தளத்தில் யாருடைய அனுமதிக்கும் காத்து நின்றதில்லை. ஆகவே இம்மனு அவர்மீது புகார் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. அவருடைய அன்பைக் கொஞ்சம் கட்டுப்படுத்தித் தர வேண்டும் என்பதே கோரிக்கை.

6. பதின்மூன்று வயதில் இனியாவைக் கோவைக்கு அனுப்பினோம். பயிற்சியாளர் திரு. கலீல் ரஹ்மான் உக்கடத்துக்காரர். விடியற்காலையில் பெரிய குளத்துக் கரையில் ஓடவிடுவார். பிறகு மட்டையைக் கையில் கொடுப்பார். அவர் அகராதியில் உச்சபட்சப் பாராட்டு "பரவால்ல". அதையும் ஆண்டுக்கு ஒருமுறைதான் சொல்வார். தொழில்முறைப் போட்டியில் அவள் முதல் வெற்றி பெற்றபோது அருகில் வந்து, "லேஸ் அவுந்திருக்கு, கட்டு" என்று மட்டும் சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லி என் மகள் ஒரு வாரம் மகிழ்ந்தாள்.

7. அதன் பிறகு தோல்விகள். துனிசியா, உஸ்பெகிஸ்தான், தாய்லாந்து என்று நான் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடிய ஊர்களிலெல்லாம் போய் முதல் சுற்றில் தோற்றாள். தொலைபேசியில் எப்போதும் இரண்டே வாக்கியங்கள்: "தோத்துப்போட்டேன்மா. சாப்புட்டேன்." நானும் செவிலியர் என்ற முறையில் எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்பேன். எங்கும் வலிக்கவில்லை என்பாள். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்தும் என் கணவர், ஆட்டம் நடக்கும் நேரத்தில் வேண்டுமென்றே கிணற்று மோட்டாரைக் கழற்றப் போய்விடுவார். சென்ற ஆண்டு தாய்லாந்திலிருந்து ஒருநாள் வாக்கியங்கள் மாறி வந்தன: "ஜெயிச்சுப்போட்டேன்மா. இன்னும் சாப்புடலை." அது அவளுடைய முதல் கோப்பை. நான் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வரிசையின் நடுவில் நின்று அழுததைப் பார்த்து, வரிசையில் இருந்த குழந்தைகளெல்லாம் ஊசிக்கு முன்னமே அழ ஆரம்பித்துவிட்டன.

8. முதல் பாராட்டு விழா அப்போதுதான் நடந்தது. திரு. செங்கோடன் விழாக்குழுத் தலைவர். ஊர் எல்லையில் வைத்த பிளெக்ஸ் பேனரில் அவர் முழு உருவமாகவும் என் மகள் மார்பளவாகவும் இருந்தார்கள். அவள் கையில் இருந்தது இறகுப்பந்து மட்டை. நான் சுட்டிக்காட்டியதும் மறுநாளே மாற்றினார்கள். புதிய பேனரில் மட்டை சரியாக இருந்தது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். சிறப்புப் பேச்சாளர், ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற தங்கமங்கை என்று என் மகளை வாழ்த்தினார். அவள் மறுக்க வாயெடுத்தபோது மேளம் தொடங்கிவிட்டது. இவையெல்லாம் மனுவுக்குரிய விஷயங்கள் அல்ல. மேடையை டென்னிஸ் தளத்தின் மேலேயே போட்டார்கள் என்பதுதான் விஷயம். பந்தல் கால் ஊன்ற சிமென்ட்டைத் துளைத்துக் குழி போட்டார்கள். ஒரு கோட்டின் மேல் கல் அடுப்பு கூட்டிப் பிரியாணி செய்தார்கள். பிரியாணி நன்றாக இருந்தது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

9. விழா முடிந்ததும் குழிகளில் கலவையைக் கொட்டி மேலே பச்சை வர்ணம் பூசினார்கள். பார்வைக்குக் குழியே தெரியாது. அடுத்த வாரம், கோவைக்குத் திரும்பும் முன் அதே தளத்தில் செய்த பயிற்சியில் பந்துக்காகப் பக்கவாட்டில் ஓடிய இனியாவின் கால், அந்த ஒட்டுகளில் ஒன்று பெயர்ந்த விளிம்பில் மாட்டி மடங்கியது. கணுக்கால் தசைநார் கிழிந்தது. நான்தான் கட்டுப் போட்டேன். மழைக்காலம் முழுவதும் அவள் ஆட முடியவில்லை. அரும்பாடுபட்டு ஏறிய இடங்களிலிருந்து தரவரிசையில் சரிந்தாள். ஊரில் கேட்டவர்களிடம், "நானேதானுங்க வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். திரு. செங்கோடனின் மனம் நோகக்கூடாது என்று அவள் அப்படிச் சொன்னாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். விழா எடுத்தவரிடம் போய், உங்கள் விழாவால்தான் என் மகள் நொண்டுகிறாள் என்று எப்படி ஐயா சொல்வது?

10. இவ்வாண்டு அவள் மீண்டு வந்து, சரிந்த இடத்தையும் தாண்டி ஏறினாள். மெல்போர்ன் செய்தி வந்த அன்று மன்றத்தின் வாசலில் சரவெடி வெடித்தது. இம்முறை சாரட் வண்டி, இரண்டு குதிரைகள், பெரிய மேடை, மிகப் பெரிய விருந்தினர் என்று ஏற்பாடு. இடம் அதே தளம். கோவையில் அரையாண்டு விடுமுறைப் பயிற்சி முகாம்கள் தொடங்கி எந்தத் தளத்திலும் இடமில்லாததால், அவள் இப்போது இங்கேதான் பயிற்சி செய்கிறாள். திரு. கலீல் ரஹ்மான் பந்துக்கூடையோடு பஸ் ஏறி வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். பழைய ஒட்டுகளைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம் போட்டு, அங்கே கால் வைக்காமல் ஆடச் சொல்கிறார். ஆஸ்திரேலியாவில் எதிரில் ஆடப்போகும் பெண் இந்த வட்டங்களுக்கு மரியாதை தரப்போவதில்லை.

11. நான் திரு. செங்கோடன் அவர்கள் வீட்டுக்குச் சென்று, "ஏனுங்ணா, விழாவைக் கல்யாண மண்டபத்துல வெச்சுக்கலாமில்லீங்களா?" என்று கேட்டேன். "புள்ள எங்க வெளையாண்டுதோ அங்கதானுங்க மேடை. மண்டபத்துல கண்ணாலந்தானுங்க நடக்கும்" என்று சிரித்தார். கணுக்காலைப் பற்றிச் சொல்ல நா எழாமல், கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

12. சொன்னது வர்ஷினிதான். விடுமுறைக்கு வந்தவள் இனியாவின் காலை, கன்றுக்குட்டிக்குப் பார்ப்பதுபோலத் தூக்கிப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள், உண்மையை வாங்கினாள், நேரே போய்த் தகப்பனாரைக் கையைப் பிடித்துத் தளத்துக்கு இழுத்து வந்தாள். "இது என்னன்னு தெரியுதாப்பா? உங்க மேடைக் குழி. இனியா கால் இதுலதான் மடங்குச்சு." இனியா பதறிப்போய், "இல்லீங் அங்கிள், நாந்தான் பாக்காம ஓடிட்டேன்" என்றாள். திரு. செங்கோடன் வெள்ளை வேட்டியோடு அப்படியே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பெயர்ந்த ஒட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அடுத்த ஒட்டுக்கு நகர்ந்தார். அதற்கடுத்ததற்கும். எழுந்து போகும்போது வேட்டியை உதறக்கூட இல்லை.

13. மறுநாள் சுகாதார நிலையத்துக்கு வந்து, கர்ப்பிணிகளுக்கான பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். "நர்சம்மா, கூப்பிட்டிருக்கறது பெரிய எடமுங்க. இப்பப் போயி நாங்க வேண்டாம்னா மரியாதையா இருக்காது. ஆபீசுல இருந்தே அந்த எடம் குடுக்க முடியாதுன்னு ஒரு வார்த்தை வந்துருச்சுன்னா தப்பிச்சுக்கலாமுங்க. நீங்க ஒரு மனு எழுதிப்போடுங்க. நாஞ் சொன்னேன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க" என்றார். அரசுப் பணியில் இருப்பவள் அரைகுறையாக மனு எழுதக்கூடாது, எழுதினால் நடந்தது எல்லாவற்றையும்தான் எழுதுவேன் என்று சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அப்ப முழுசா எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். இனியாவை உள்ளே விட முதலில் தயங்கியதையும் எழுதவா என்றேன். "அதையுந்தானுங்க" என்றார்.

14. ஆகவே ஐயா, ஞாயிறு விழாவுக்கு டென்னிஸ் தளத்தை ஒதுக்க இயலாது என்று தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன். பழைய குழிகளைப் பெயர்த்து எடுத்து, விவரம் தெரிந்த ஆளைக் கொண்டு தளத்தைச் சீர் செய்து தரவும் வேண்டுகிறேன். இப்போது மட்டையோடு வரும் மற்றச் சிறுமிகளின் கால்களும் கால்கள்தான். எந்தக் குழந்தையும் கேட்டுக்கு வெளியே நிற்காதபடி, பேரூராட்சி நிலம் எல்லோருக்கும் பொது என்று அங்கே ஒரு பலகை வைத்தால் நன்று. ஊருக்குள் உள்ள பிளெக்ஸ் பேனர்களை அகற்றிவிடலாம். தளத்தின் மேற்கு வலையில் கட்டியிருப்பதை மட்டும் விட்டுவிடவும். அது நல்ல நிழல் தருகிறது என்று திரு. கலீல் ரஹ்மான் சொல்கிறார். 'பரவால்ல'வுக்கு அடுத்து என் மகள், உருவமாகவேனும், அவரிடம் பெற்ற இரண்டாவது பாராட்டு அது.

15. ஊரின் ஆசையை முற்றிலும் மறுக்கிறேன் என்று தாங்கள் நினைக்கக்கூடாது. டென்னிஸில் வாராவாரம் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றுத்தான் வீடு திரும்புகிறார்கள். மெல்போர்னில் அவள் மூன்று ஆட்டமும் வென்றுவிட்டால் அதன்பின் இந்த ஊரைத் தங்கள் ஆணையாலும் அடக்க முடியாது. நானும் கேட்க மாட்டேன், சந்தைத் திடலில் குதிரை ஓடட்டும். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் சத்தமில்லாமல் பஸ்ஸில் வந்து கோபி பேருந்து நிலையத்தில் இறங்குவாள். இதற்கு முன் அப்படி இறங்கிய நாட்களில், "லீவுக்கு வந்தியா கண்ணு?" என்று கேட்டவர்கள் உண்டு, அழைத்துப்போக எங்களைத் தவிர யாரும் வந்ததில்லை. மட்டைப் பை அவள் உயரம் இருக்கும். என் கணவரின் மொபட்டில் பையை ஏற்றினால் மகளுக்கு இடமில்லை, மகளை ஏற்றினால் பைக்கு இடமில்லை. அன்றைக்கு மேடை வேண்டாம், மேளம் வேண்டாம், மாலையும் வேண்டாம். விழாக்குழுவிலிருந்து இரண்டு பேர் மட்டும் வந்து பையைத் தூக்கிக்கொள்ளும்படி தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால், என் மகளுக்கு இந்த ஊர் செய்த பெரிய பாராட்டாக அதை ஏற்றுக்கொள்வேன்.

இடம்: பூளைக்காட்டுப்புதூர்
நாள்: 24.12.2025

தங்கள் ஆணையை ஞாயிற்றுக்கிழமைக்குள் எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) பொற்கொடி கதிரேசன்

மேற்கண்ட யாவும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். பை தூக்குவோரில் ஒருவராக என் பெயரைக் குறித்துக்கொள்ளவும்.
(ஒப்பம்) சி. செங்கோடன்,
தலைவர், பாராட்டு விழாக்குழு.