சின்னத்தம்பிக்கு மூத்தவள்

கல்மண்டபம், இராயபுரம்
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு

அன்புள்ள ஞானசுந்தரிக்கு,

பிராங்கிளின் எழுதுவது. நான் இங்கே நலம். நீயும் மலரும் மாப்பிள்ளையும், பிறந்து இருபது நாளே ஆன நம் பேத்தியும் அங்கே நலமாயிருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டீர்களா என்பாய், நான் ஆயிற்று என்பேன், அதற்குள் குழந்தை அழும். எதிர்வீட்டு மஹீன் பாய் நாளை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறேன். தண்ணீர் மோட்டாரைச் சரி செய்தாயிற்று. வவ்வால் மீன் குழம்பு நானே வைத்தேன். புளி கொஞ்சம் அதிகம்.

ஹார்பர் வேலை முடிந்ததிலிருந்து ஊரார் பாட்டன் பூட்டனைத் தேடுவதே எனக்கு வேலையாகிவிட்டது என்று நீ கேலி செய்வாய். இந்த வாரம் அந்த வேலை என்னை உலுக்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை மொரீசியஸ் தீவிலிருந்து ஜோசியான் என்று ஓர் அம்மா வந்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, நம் வயதுதான். கோயில் அலுவலகத்தில் நாங்கள் சிலர் பழைய பதிவேடுகளைப் பார்த்து எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோமே, அதை எங்கோ படித்துவிட்டு எனக்கு மெயில் போட்டிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு தாள், அந்தத் தீவின் பழைய பதிவேட்டு நகல். மிக்கேல், மனைவி தாயம்மா, ஊர் மீஞ்சூர், 1884 பிப்ரவரி 23-இல் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள். இங்கே அவர்களுக்கு யாராவது இருந்தார்களா என்று தெரிந்துகொள்ள அந்த அம்மா இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இருவரும் மின்சார ரயிலில் மீஞ்சூர் போனோம். வெயிலில் தெருத்தெருவாக விசாரித்தோம். நூற்று நாற்பது வருஷத்துக் கதையை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? திரும்பி வரும்போது அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்கள். புதன்கிழமை பகல் முழுவதும் ஞானஸ்நானப் புத்தகங்களைப் புரட்டினேன். ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் நம் வீட்டில் டீ குடிக்கும்போது, தன் குடும்பப் பெயருக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். அவர்கள் முழுப்பெயர் ஜோசியான் சின்னத்தம்பி. மிக்கேலுக்கும் தாயம்மாவுக்கும் அந்தத் தீவில் பிறந்த மகன் பெயர் அது. அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. சிறிய தம்பி என்று அர்த்தம் என்றேன். அவர்கள் சிரித்துவிட்டு, அது எப்படி, அவர்தானே வீட்டுக்கு மூத்த பிள்ளை, யாருக்குத் தம்பி என்று கேட்டார்கள்.

மூத்த பையனுக்கும் அப்படிப் பெயர் வைப்பது உண்டுதான். ஆனால் கையிலிருந்த டம்ளரை நான் கீழே வைத்துவிட்டேன். பிறப்பைத் தேடியது போதும், இனி இறப்பைத் தேட வேண்டும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலையில் அடக்கப் புத்தகத்தை எடுத்தேன். 1884, பிப்ரவரி. கரையான் அரித்த பக்கம். லத்தீனும் தமிழும் கலந்த சாமியார் கையெழுத்து. பதினான்காம் தேதிக்கு நேரே, “பாக்கியம், பெண், ஒன்பது நாள். தகப்பன் மிக்கேல், தாய் தாயம்மா, மீஞ்சூர். கப்பல் டிப்போவில் இருப்பவர்கள்” என்று இருந்தது. கப்பல் வரும்வரை கூலியாட்களைத் தங்க வைத்த இடம் அது.

சுந்தரி, பிள்ளையை மண்ணில் வைத்த ஒன்பதாம் நாள் தாயம்மா கப்பல் ஏறியிருக்கிறாள். ஒப்பந்தத் தாளில் கைரேகை வைத்தாகிவிட்டது, ஏறித்தான் ஆக வேண்டும். போன இடத்தில் மகன் பிறந்தபோது, இங்கே விட்டுவந்தவளை மறக்காமல் அவனுக்குத் தம்பி என்று பெயர் வைத்திருக்கிறாள். ஜோசியானம்மாவிடம் வரியை விரலால் காட்டி, படித்துச் சொன்னேன். அவர்களும் அந்த வரியை விரலால் தொட்டார்கள். அப்புறம் சொன்னார்கள்: பள்ளிக்கூட வருகைப் பதிவிலும், கல்யாணப் பத்திரத்திலும், பாஸ்போர்ட்டிலும் நாங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பெயரை எழுதினோம், எழுதிய ஒவ்வொரு தடவையும் எங்களுக்குத் தெரியாமலே அவளைக் கூப்பிட்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் பூ விற்கும் மங்கம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “இன்னா சார், அந்தக் காலத்துக் கொயந்தைங்க எல்லாம் மதிலாண்டதான் கீது. எந்த எடம்னு யாரு கண்டா? எங்க நின்னு பூ போட்டாலும் அதுக்குப் போய்ச் சேரும்னு அந்தம்மா கைல சொல்லு” என்றாள். பூவுக்குக் காசும் வாங்கவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. தம்பி தன் மூத்தவளைத் தமிழில் எப்படிக் கூப்பிடுவான் என்று ஜோசியானம்மா என்னிடம் கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் மண்டியிட்டு, தரையில் உள்ளங்கையை வைத்து, “அக்கா” என்றார்கள்.

நான் நகர்ந்துபோய் அதே மதிலோரம், கிணற்றுப் பக்கம், எனக்குத் தெரிந்த இடத்தில் நின்றேன். எந்த இடம் என்று உனக்கு நான் சொன்னதில்லை. நீ கேட்டதும் இல்லை. ஆஸ்பத்திரியில் உனக்கு நினைவு திரும்புவதற்குள் நம் மூத்தவனை அங்கே அடக்கம் செய்தாயிற்று. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் அடக்கப் புத்தகத்திலும் பதியவில்லை.

நேற்றுக் காலை ஊருக்குக் கிளம்புமுன் ஜோசியானம்மா தன் வம்சத் தாளை நீட்டி, சின்னத்தம்பிக்கு மேலே பாக்கியத்தின் பெயரைத் தமிழிலேயே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். வீட்டுக்கு வந்து நம் தாளை விரித்தேன். உன் பக்கமும் என் பக்கமுமாக இருநூற்றுப் பதினான்கு பேர். நம் இருவருக்கும் கீழே மலர் மட்டும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது நாள் இருந்த ஒரு பிள்ளையை ஒரு தாய் கடல் தாண்டியும் விடாமல் வைத்திருந்தாளே, நான் என்ன செய்தேன் என்று கேட்டுக்கொண்டேன்.

ஒன்று சொல்கிறேன், அழாதே. அவன் முகம் உன் முகம்தான். நெற்றியும் மூக்கும் அப்படியே நீ. முப்பத்தாறு வருஷம் இதை நான் மட்டும் வைத்துக்கொண்டிருந்தது தப்பு. மலரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். நீ வந்ததும் அந்த இடத்துக்குக் கூட்டிப் போகிறேன், உனக்கு மனம் இருந்தால்.

பேத்தியின் நெற்றியில் எனக்காகச் சிலுவை அடையாளம் இடு. தேவதாய் உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

வயிற்றில் இருந்தபோது அவனை நீ ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிடுவாய். நான் வந்தால் நிறுத்திவிடுவாய். அது என்ன பெயர், சுந்தரி? எழுதி அனுப்பு. மலருக்கு மேலே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உன்
பிராங்கிளின்