அண்ணன் கிளையில் நம் பையன்

தாளை விரித்ததுமே பூச்சி உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. உன் அண்ணன் முருகேசன் அதை இத்தனை வருஷமும் புடவை பீரோவில்தான் வைத்திருந்திருக்கிறார். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட நீளத் தாள், மடிப்பு மடிப்பாக. நம் கம்ப்யூட்டர் சென்டரின் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கர்ர் கர்ர் என்று கத்திக் கத்தி அடித்துத் தள்ளிய உங்கள் வகையறாவின் வம்ச மரம். மை வெளுத்துவிட்டது. ஆனால் உன் அப்பா பெயருக்குக் கீழே உன் அண்ணன் பெயர் மட்டும் ஒண்டியாக நிற்பது நன்றாகவே தெரிகிறது.

"கோயில் கும்பாபிஷேகம் வருதும்மா. இந்த மரத்தைப் பெரிய ஃப்ளெக்ஸா அடிச்சு வைக்கலாம்னு சங்கத்துல பேசிகினு இருக்காங்க. பையன் பேரையும் சேர்த்துடலாம்னு பார்க்கறேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, போ. இப்போதாவது இவர்களுக்கு மனசு வந்ததே என்று காப்பி போட எழுந்தேன். அடுத்த பேச்சு அப்புறம்தான் வந்தது. "எனக்குக் கீழ போட்டுடலாம்மா. எனக்கும் ரெண்டும் பொண்ணாப் போச்சு. நான் அவனுக்குப் பெரியப்பாதானே? பெரியப்பான்னா அப்பாவுக்கும் மேல."

காப்பி போடவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே "குட்றி அண்ணனுக்குக் காப்பிய" என்றிருப்பாய். உனக்குக் கோபமே வராது. எனக்கு உன்மேல் இருந்த கோபமெல்லாம் அது ஒன்றுக்காகத்தான்.

இந்த மரம் முளைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் தெள்ளாரிலிருந்து வந்து, ஆரணியில் அத்தை வீட்டில் தங்கி, ஜரிகைக் கடை மாடியில் நீ நடத்திய சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே விசைத்தறிகள் ஓடும் சத்தத்தில் நாம் இருவரும் எப்போதும் கத்தித்தான் பேசுவோம். உங்கள் குலதெய்வக் கோயில் சங்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. வகையறாவை முழுக்க அதில் ஏற்றிக் கொடு என்று உன்னிடம் வந்தார்கள். நீ பெரிய மேதாவி மாதிரி ஆளுக்கு ஒரு நம்பர், அவரவர் அப்பாவுக்கு ஒரு நம்பர் என்று கட்டம் போட்டு நீட்டினாய். வந்தவர்கள் கட்டத்தையும் பார்த்தார்கள், உன்னையும் பார்த்தார்கள். "நம்பரு எதுக்குப்பா? நாங்க இன்னா ரேஷன் கடையிலயா நிக்கறோம்?" என்றார் துரைசாமி மாமா.

நம்பரை விட்டுவிட்டு நீங்களே உங்கள் பாட்டுக்குச் சொல்லுங்கள் என்றதும் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். முதல் பாட்டன் பெயர், அவர் பிள்ளை, அந்தப் பிள்ளையின் பிள்ளை என்று கீழே கீழே இறங்கி, கடைசியில் தன் பெயரில் வந்து நின்றார்கள். நீ பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாய். "வேர்லருந்து தன் வரைக்கும் ஒவ்வொருத்தரும் வழியை மனப்பாடமா வச்சிருக்காங்க. நாமதான் நம்பர் கேட்டு பேஜார் பண்ணிகினு இருக்கோம்" என்றாய். அப்புறம் நோட்பேடைத் திறந்து, அவர்கள் சொன்ன மாதிரியே, பெயருக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு சாய்ந்த கோடு போட்டு, ஆளுக்கு ஒரு வரியாக அடித்தாய்.

புரோகிராம் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கோடு வரும் இடமெல்லாம் வெட்டு. இடமிருந்து ஒவ்வொரு பெயராக எடு. அது மரத்தில் ஏற்கெனவே இருந்தால் அதற்குள் இறங்கு. இல்லையென்றால் அங்கே புதிதாக ஒன்றை நட்டுவிட்டு அதற்குள் இறங்கு. வரி முடியும்வரை இதே வேலை. யாருக்கு யார் அப்பா என்று தனியாக யாரும் சொல்லத் தேவையில்லை. "வழியைச் சொன்னாப் போதும், மரம் தானா வரும்" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாய். வெறும் எழுத்துக் கோப்புதானே, நாளைக்கு நாம் இல்லாவிட்டாலும் சங்கத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதில் உனக்கு அப்படி ஒரு பெருமை.

சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டிய அன்று மானம் போயிற்று. துரைசாமி மாமா தன் கிளையைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினார்: "ரவி எனக்குப் பேரன்பா! உன் பொட்டி அவனை எனக்குத் தம்பியாக்கி உட்டுடுச்சே!" அறையே கொல்லென்று சிரித்தது. உன் காது சிவந்துவிட்டது. அவருடைய அப்பா பெயர் காளியப்பன், மூத்த பையன், அதாவது ரவியின் அப்பா பெயரும் காளியப்பன். ரவியின் வரியில் இரண்டாவது காளியப்பன் வந்ததும் உன் புரோகிராம், இவர்தான் ஏற்கெனவே மேலே இருக்கிறாரே என்று அந்தப் பழைய காளியப்பனிடமே போய் ரவியை ஒட்டிவிட்டது.

"நம்ம ஊர்ல பேரனுக்குத் தாத்தா பேரை வைக்காம வேற யார் பேரை வைப்பாங்க? பேரை வச்சுத் தேடினா எல்லாரும் ஒரே ஆளாத்தான் தெரிவாங்க. அந்த ஆள் வந்த வழியை முழுசா வச்சுத் தேடு" என்று நான் எரிந்து விழுந்தேன். அதுவரை உன்னை "சொல்லுங்க சார், பாருங்க சார்" என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அன்றுதான் முதல் தடவையாக ஒருமையில் வந்துவிட்டது. நீ பிழையைத் திருத்துவதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஆமாம், எனக்கும் தெரியும், அங்கேதான் ஆரம்பித்தது.

ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு வந்தோம். எங்கள் அப்பா கொஞ்ச நாள் சர்ச்சில் யார் முகத்தையும் பார்க்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார், பிறகு தானாகவே கேக் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். உன் அப்பா அப்படி இல்லை. சங்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சென்டர் மாடி ஏறி வந்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அந்த மரத்துல உன் பேரு இருக்கக் கூடாது" என்றார்.

அதை எடுக்கத் தெரிந்த ஆள் ஊரில் அப்போது என்னை விட்டால் நீ ஒருவன்தான். "சரிப்பா" என்றாய். கோப்பைத் திறந்தாய். உன் வரியைத் தேடினாய். அழித்தாய். திரும்ப ஓட்டிக் காட்டினாய். அவருக்குத் திரையில் எழுத்து சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. "போயிடுச்சா?" என்று கேட்டார். "போயிடுச்சுப்பா" என்றாய். பிரின்ட் வேண்டும் என்றார், அதையும் போட்டுக் கொடுத்தாய். முருகேசன் மாமா இப்போது பீரோவிலிருந்து எடுத்துவந்தது அந்தத் தாள்தான்.

அவர்கள் படியிறங்கியதும் உன்னைப் பிடித்து உலுக்கினேன். "சூடு சொரணையே இல்லையா உனக்கு? தன் பேரைத் தானே அழிப்பானா ஒருத்தன்?" நீ மானிட்டர் மேலே இருந்த தூசியை விரலால் துடைத்தாய். "போனது ஒரு வரிதானே. ஆளு இங்கதான இருக்கேன்" என்றாய்.

பையன் பிறந்தான். கங்காதரன் என்று உன் அப்பா பெயரை வைத்தாய். உன்னை வேண்டாம் என்றவர் பெயரை வைக்கிறாயே என்று அதற்கும் நான் சண்டை போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக் கம்ப்யூட்டரில் நீ வைத்திருந்த நகலைத் திறந்தாய், உன் வரியை அழித்த அதே கோப்பின் நகல். குழந்தை உன் தோளில் கிடந்தான். ஒற்றைக் கையால் ஒரே ஒரு வரி அடித்தாய், அவனுடைய வரி. முதல் பாட்டனிலிருந்து ஆரம்பித்து உன் அப்பா வரைக்கும் வந்து, ஒரு கோடு, உன் பெயர், ஒரு கோடு, கங்காதரன். உனக்கென்று தனி வரி அடிக்கவில்லை. ஓட்டினாய். உன் அப்பா பெயருக்குப் பக்கத்திலிருந்த கூட்டல் குறியைத் தட்டினதும் உன் அண்ணனுக்கு அடுத்து நீயும் வந்து நின்றாய்.

"பார்த்தியா, நான் என்னைச் சேர்க்கவே இல்ல. இவன்தான் என்னை இழுத்துகினு வந்துட்டான்" என்று சிரித்தாய். சிரிப்பு நடுவிலேயே எங்கோ மாறிவிட்டது. குழந்தையின் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அன்றுதான் எனக்குத் தெரிந்தது, அந்த ஒரு வரி உனக்கு எவ்வளவு வலித்திருக்கிறது என்று. பாவி, என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் உனக்குக் காமாலை. பத்தியம், கைமருந்து என்று அலைந்துவிட்டு வேலூருக்குக் கொண்டுபோனபோது எல்லாம் கைமீறிவிட்டது. சுடுகாட்டுக்கு உன் அப்பா வரவில்லை. உன் அண்ணன் வந்தார். ஓரமாகத்தான் நின்றிருந்தார். பையன் நெருப்பைப் பார்த்துப் பயந்து அழுததும் ஓடிவந்து தூக்கிக்கொண்டார், தன் கையோடு அவன் கையைச் சேர்த்துப் பிடித்துக் கொள்ளி வைத்தார். அதற்குப் பிறகு பண்டிகைக்குப் பண்டிகை அவனுக்குத் துணி எடுத்துக்கொண்டு வருகிறார், தன் அப்பாவுக்குத் தெரியாமல். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

"மாமா, நோட்பேடைத் திறந்து, பையனுக்குன்னு உங்க தம்பி அடிச்சு வச்ச வரியில ஒரு பேரை மாத்தினாப் போதும். பையன் உங்க கிளைக்கு வந்துடுவான். வேலை ரொம்ப ஈஸி. ஆனா உங்க தம்பி அதோட ஒரேயடியாப் போயிடுவாரு. பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

அவர் தாளை மடித்துக்கொண்டே இருந்தார். "அப்பா இருக்கறவரைக்கும் அவன் பேரைப் போட உடமாட்டாரும்மா. போனவன் போயிட்டான். இருக்கறவன் ஊட்டுக்குள்ள வரணும்னா இதான் வழி. நாளைக்கு அவனுக்குன்னு நாலு பேர் வேணாமா?"

அந்தக் கேள்விக்கு நான் தடுமாறினேன், பொய் சொல்ல மாட்டேன். நாலு பேர் வேண்டும்தான். நான் ஒருத்தி எத்தனை நாள்? ஆனாலும் வாயில் வந்தது வேறு. "வந்தா அவங்க அப்பாவோட வரட்டும் மாமா. இல்லன்னா வரவே வேணாம்." அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின வாரம் ஆள் அனுப்பிச் சொன்னார்: பேர் போட்டாச்சு, பையனை அழைச்சிகினு வாம்மா. எப்படிப் போட்டிருக்கிறார் என்று சொல்லி அனுப்பவில்லை, நானும் கேட்டு அனுப்பவில்லை. இரண்டு நாள் மனசுக்குள் ஏதேதோ நினைத்துக்கொண்டேன். நீ எடுத்துத் தந்த கத்தரிப்பூக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு, அவனுக்குப் பெரியப்பா எடுத்த சட்டையைப் போட்டுவிட்டு, சந்தவாசல் பஸ் பிடித்துப் போனேன்.

கோயில் வாசலிலேயே கட்டியிருந்தார்கள். புது ஃப்ளெக்ஸின் மருந்து நாற்றம் சாம்பிராணியையும் மீறி வந்தது. நான் கண்ணாலேயே இறங்கிப் போனேன். உன் அப்பா. அவருக்குக் கீழே உன் அண்ணன் மட்டும். அவருக்குக் கீழே இரண்டு பெண்களுக்கும் பக்கத்தில், மு. கங்காதரன். சங்கத்தில் நீ எழுதிவைத்த கோப்பை யாரோ திறந்திருக்கிறார்கள், உன் அண்ணன் பெயருக்குப் பின்னால் ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். மரம் தானாக வந்துவிட்டது.

பையன் இப்போது மூன்றாவது படிக்கிறான், பஸ் போர்டிலிருந்து மருந்து டப்பாவரை ஒன்று விடாமல் படிப்பான். அவனும் கண்டுபிடித்துவிட்டான். "அம்மா, என் பேரு!" என்று குதித்தான். மறு நிமிஷமே, "இனிஷியல் தப்பா போட்டுட்டாங்கம்மா. பெரியப்பா இனிஷியலைப் போட்டுட்டாங்க. மாத்தச் சொல்லு!" என்று கூட்டம் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினான். விபூதித் தட்டோடு நின்ற உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உன் அப்பாவை உட்காரவைத்திருந்தார்கள். மிகவும் தளர்ந்துவிட்டார், பார்வையும் சரியில்லை. சத்தம் கேட்டு அவனைக் கிட்டே கூப்பிட்டார். "யார் ஊட்டுப் புள்ளடா நீ, இம்மாம் சத்தம் போடற?"

அவன் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டரிடம் சொல்கிற மாதிரி, உன் பெயரை முழுசாகச் சொல்லி, அவரோட பையன் என்றான். அந்த இடத்தில் இத்தனை வருஷம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். கிழவர் அவன் முகத்தைப் பார்த்தார். "சரி, சாப்ட்டுட்டுப் போ" என்றார். வந்தவர்கள் எல்லாரிடமும் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பையன் பசியில் நன்றாகச் சாப்பிட்டான். நான் இலையில் உட்கார்ந்து எழுந்தேன். திரும்பும் பஸ்ஸில் கேட்டான்: "அந்தத் தாத்தா யாரும்மா?"

தெள்ளார்த் தாத்தாவை மட்டுமே தாத்தா என்று அறிந்த பிள்ளை. "உங்கப்பாவோட அப்பாடா" என்றேன். வேறு எப்படிச் சொல்வேன்? உன்னைச் சொல்லாமல் அவரை இவனுக்குச் சொல்ல எனக்கு வழியே கிடையாது.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அப்போ ஏம்மா அவரு என்னை யாருன்னு கேட்டாரு?"

நீயாக இருந்தால் எதையாவது சொல்லி அவனைச் சிரிக்கவைத்திருப்பாய். எனக்கு அது வராது. பேசாமல் தூங்குடா என்று அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டேன். தூங்கவில்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது மறுபடி கேட்டான். இன்று காலை சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போதும் கேட்டான்.