செல்வி பிடித்த சொட்டு

வியாழன், இரவு.

இன்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் செய்முறை. அமிலத்தில் காரத்தைச் சொட்டவிட்டு, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டைப் பிடிக்க வேண்டும். பாதியில் செல்வி ஆய்வகத்து வாசலில் வந்து நின்றாள். இதே பள்ளியில் என்னோடு படித்தவள்.

"டீச்சர், தோட்டத்துல திராட்சை வெட்டு. ஆள் பத்தல. காவ்யாவ அனுப்புங்க."

செல்வியின் மகள் காவ்யாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அவளுக்கு மூன்று முறையும் சொட்டு கூடிப்போயிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் செல்வி உள்ளே வந்து, காரம் சொட்டும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் திருகைப் பிடித்தாள். அந்தக் காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே பியூரெட்தான். திருகுவது அவள், அளவை எழுதுவது நான். அவள் கை நடுங்கியதே இல்லை.

இன்றும் நடுங்கவில்லை. குடுவை வெளிர் ரோஜா நிறமானது.

"வாணி, பாருடி! நெறம் நின்னுருச்சு!"

டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள். செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மகளிடம், "நீ இருந்து செஞ்சு முடிச்சுட்டு வா. அங்கன நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பள்ளி முடிந்ததும் கல்லூரி விண்ணப்பம் இருவரும் சேர்ந்துதான் வாங்கினோம். அவள் அதைக் கொடுக்கவே இல்லை. ஏன் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்று பள்ளி வாசல்வரை அவள் கூடவே நடந்தும் கேட்க வாய் வரவில்லை.