மச்சப் பெட்டியில் காய்த்த மிளகாய்

மச்சாள்,

செடி பட்டுப்போன பிறகும் எறிய மனமில்லாமல் வைத்திருந்த அந்த வெள்ளைப் பெட்டியை இன்றைக்குக் கழுவி வெயிலில் வைத்தேன். சூடு ஏறியதும் மீன் மணம் எழும்பிவிட்டது. சாம்பல், தேசிக்காய், மஞ்சள் எல்லாம் போட்டுத் தேய்த்த பெட்டி! வந்த எரிச்சலில் காலால் ஒரு உதை விட்டேன். இலேசான ரெஜிபோம் நுரைப்பெட்டிதானே, காலும் நோகவில்லை. அதற்கும் எரிச்சல் வந்தது.

சண்டையில் காங்கேசன்துறையை விட்டு ஓடி வந்தபோது நான் சட்டி பானையைத் தூக்கினேன். நீர், என் புருஷனின் தங்கச்சி, படித்த மனுசி, சேலைத் தலைப்பில் மிளகாய் விதையை முடிந்துகொண்டு வந்தீர். மருதனார்மடத்தில் கிடைத்த வாடகை வீட்டிலோ முற்றம் முழுக்கச் சீமெந்து. வேலியோரம் மிச்சமிருந்த மண்ணில் கைவைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மண் இல்லாட்டி என்ன, தண்ணியிலை வளர்ப்பம்" என்றீர். ஏதோ சஞ்சிகையில் படித்தீராம்.

"ஓம், தாமரைதானே நடப்போறீர்?" என்று நான் சிரித்தேன்.

விதையில் முளைத்தவை நாலே நாலு. அவையும் போனால், ஊருக்குத் திரும்பும்போது உமது தோட்டத்தில் போட அந்த இனமே இல்லை. உரம், பசளை எங்கே கிடைத்தது அப்போது? சாணியை ஊறவைத்துச் சீலையில் வடித்த தண்ணீர்தான். கன்றைத் தென்னந்தும்பில் சுற்றி, மூடியில் போட்ட ஓட்டைக்குள் செருகி, வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டோம்.

மண்பானை நல்ல குளிர்ச்சி. ஆனால் கசியக் கசிய உள்ளே இருந்த சாணித் தண்ணீர் தடித்து, கன்று கருகிப்போயிற்று. பிஸ்கட் தகரம் கறள் பிடித்து ஓட்டையானது. ஊறுகாய்ப் போத்தலை நீர் விடிய எழும்பிக் குனிந்து குனிந்து பார்த்தீர். "வேர் ஓடுறது தெரியுது, இஞ்சை வந்து பாரும்." வெளிச்சம் பட்டுப் பாசி பிடித்து வேர் அழுகியதும் அப்படியே தெரிந்தது.

சந்தையில் மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் பெட்டியை நான் தொடக்கத்திலேயே காட்டினேன். வெயில் சுடாது, வெளிச்சம் புகாது, ஒழுகாது. ஆனால் நீர் சுத்த சைவம். மீன், இறைச்சி கிடந்த ஏனம் மச்சம் என்று அதில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டீர்.

"மச்சப் பெட்டிக்கை என்ரை மிளகாய்க் கண்டு நிக்காது!"

மூன்று கன்று போன பிறகும் அதே பேச்சு. கடைசிக் கன்றுக்காக நான் பொய் சொன்னேன். "இது ஆஸ்பத்திரிக்கு ஊசி மருந்து வந்த பெட்டி, மச்சாள்." நம்பினீர். கன்றும் நிமிர்ந்தது. பூத்துக் காய் பிடித்தபின் ஒருநாள் மூக்கைச் சுருக்கினீர்.

"இதென்ன, மருந்துப் பெட்டி மீன் மணக்குது?"

"மீன் எண்ணெயும் மருந்துதானே."

"அப்ப மீன் எண்ணெய் சைவமோ, மச்சமோ? ஆரிட்டையும் கேட்டுச் சொல்லும். அதுவரைக்கும் நான் உந்தக் காயைத் தொடன்."

"கேட்டு வாறன்."

சைவம்தான் என்று அன்றைக்கே இன்னொரு பொய்யைச் சொல்லி முடித்திருக்கலாம். உமது முகம் படும் பாட்டைப் பார்க்கிற பகிடிக்காக இழுத்தேன். "கேட்டனீரோ?" என்று நீர் கேட்பதும், "டொக்டர் யோசிக்கிறார்" என்று நான் சொல்வதும், நீர் முறைத்துவிட்டுப் போவதும். காய் சிவந்தது. நீர் காய்ச்சலில் படுத்தீர். பிறகு எழும்பவில்லை.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த மிளகாயில் நீர் ஒரு கடி கடித்துப் பார்க்கவில்லை. எந்த ஏனம் நல்லது என்ற சண்டையில் வென்றது நான்தான். ஆரிடம் சொல்லிக் குத்திக்காட்ட? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது. உம்மேலும்தான், மச்சாள். ஒருநாள் கள்ளமாகவாவது கடித்திருக்கக் கூடாதா?

காய்ந்த பழத்தின் விதையை, உமது அந்தச் சேலைத் தலைப்பையே கிழித்து முடிந்து வைத்திருக்கிறேன். ஆமி ஊருக்குப் போக விடும் நாளில் உமது செம்மண்ணில் போடுவேன்.

கேட்டுச் சொல்லச் சொன்னீர். சொல்கிறேன்: அது மீன் பெட்டி, மச்சாள்.