சூடு மிதிக்க ஓர் ஆள்

சிவமயம்

அக்கராயன்
12.10.1961

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும் மகள் ஜெகதீஸ்வரியும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதினால்தானே அறியலாம்? உங்கள் சிநேகிதர் கலந்தர் நானாவின் கடைக்கு உதவியாக இரண்டு மாதம் நின்றுவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனீர்கள். ஐந்தாவது மாதமும் நடக்கிறது. அவர் முல்லைத்தீவை விட்டு மலையில் போய்க் கடை போட்டால் அது அவருடைய பாடு. அவருக்கு வயலா, வாய்க்காலா? உங்களுக்கு அரசாங்கம் காடு வெட்டித் தந்த மூன்று ஏக்கர் இங்கே கிடக்கிறது.

நேற்று விதைப்புக் கூட்டம் நடந்தது. உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பி, "அவர் மலைநாட்டுக்குப் போயிருக்கிறார், விதைப்புக்கு வந்திடுவார்" என்றேன். தண்ணீர் திறக்கும் விதானையார், "எப்ப வருவார் பிள்ளை? தண்ணி ஆளைப் பாத்துக்கொண்டு நிக்காது" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

நீங்கள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாதா? உரும்பிராயில் எங்கள் கிணறு, எங்கள் துலா. நினைத்த நேரத்தில் புகையிலைக்கு இறைத்துப் பழகிவிட்டீர்கள். இங்கே குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும் என்று சொல்லச் சொல்லக் கேளாமல், போன காலபோக விதைப்பில் எங்கள் முறை வருமுன்னமே வாய்க்காலை வெட்டிவிட்டீர்கள். பக்கத்து வயலில் சிற்றம்பலத்தார் விதைத்த முளைநெல் முழுக்க அள்ளுண்டு போயிற்று. கூட்டத்தில் அந்த மனிதர், "தோட்டக்காரனுக்குக் குளத்துத் தண்ணியின்ரை அருமை தெரியுமோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதானே? சிரித்தவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள். நீங்கள்தான் அதைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறீர்கள்.

விதைப்புக்கு வந்துவிடுங்கோ. வேறொன்றும் வேண்டாம்.

உங்கள்
விமலேஸ்வரி


சிவமயம்

கலந்தர் கடை,
வெலிமடைப் பகுதி
2.11.1961

அன்புள்ள விமலேஸ்வரிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. கோபமும் குறையாமல் வந்து சேர்ந்தது. விதைப்புக்கு வெளிக்கிடத்தான் இருந்தேன். மழைக்கு மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. சின்னராசா அண்ணர் பழைய வன்னி மனிதர், அவரைக் கொண்டு விதைப்பியும்.

கோபிக்காமல் நான் சொல்வதைக் கேளும். இங்கே கடையோடு சேர்த்து ஓர் அறையும் சமைக்கக் குசினியும் காலியாக இருக்கின்றன. மிகச் சின்னக் கிராமம். மேலே சிங்களக் குடும்பங்கள், கீழே தோட்டத்து லயங்கள், எதிரே ஒரு மலாய்க்காரர் தையல் மெஷினோடு இருக்கிறார். ஒரே சாமானை மூன்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகிவிட்டேன். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள் என்றபடியால், "நீர் எவடம், ஆற்றை பொடியன்?" என்று ஒருவரும் விடுப்புக் கேட்பதில்லை. போஞ்சியும் கோவாவும் போட்டால் நன்றாக விளையும். தண்ணீருக்கு விதானையாரும் இல்லை, முறையும் இல்லை, மலையிலிருந்து தானாக வருகிறது.

அந்தக் காணியை விட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு வாரும். கலந்தரின் மனைவி நபீஸா உமக்கென்று ஒரு கம்பளிச் சட்டை வாங்கித் தந்திருக்கிறா. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இங்கே குளிர் அதிகம்.

இப்படிக்கு
கதிர்காமநாதன்


சிவமயம்

அக்கராயன்
28.1.1962

அன்புள்ள அத்தானுக்கு,

கம்பளிச் சட்டை கிடைத்தது. இந்த ஊர் வெயிலில் அதைப் பார்க்கவே மகளுக்கு வேர்த்துவிட்டது. நபீஸாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கோ. அவா பாவம், அவாவோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

விதைப்புக்கு மண் சரிந்தது. களை பிடுங்குகிற நேரம் கடையில் வேலை கூடிவிட்டது. பொங்கலுக்குக் கலந்தர் நானா கொழும்புக்குப் போய்விட்டார். மலையில் இத்தனை சாட்டு விளையும் என்றால் போஞ்சி எதற்கு?

இங்கே நான் சும்மா இருக்கவில்லை. சின்னராசா அண்ணர் விதைத்துத் தந்தார். பன்றிக் காவலுக்கு நானும் அவருடைய மனைவி இலட்சுமியக்காவும் தகரம் அடித்துக்கொண்டு கிடந்தோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டு வந்ததும் அந்த மனிசிதான். வந்த புதிதில் இந்தக் காட்டைப் பார்த்து அழுதவள் நான். அப்போது "பழகிவிடும்" என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். நான் பழகிவிட்டேன். இப்போது கழற்றி எறிந்துவிட்டு வா என்கிறீர்கள். நான் என்ன உங்கள் சைக்கிளா, ஏறினால் போக, இறங்கினால் நிற்க?

சரி, அதை விடுவோம். கதிர் வெட்டி அடுக்கிச் சூடு வைத்தாயிற்று. இனி மாடு விட்டு மிதிக்க வேண்டும். இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். களத்துக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாது. காணிக்காரர் நின்று முதல் கதிரை உதறிப் போட்டால்தான் மிதிப்புத் தொடங்கும். "ஆம்பிளை வரட்டும் பிள்ளை, வழக்கத்தை மீறக்கூடாது" என்று சின்னராசா அண்ணர் ஒற்றைக் காலில் நிற்கிறார். வானமோ இருட்டிக்கொண்டு வருகிறது. சூடு நனைந்தால் நெல் முளைத்துவிடும். பிறகு வருஷம் முழுக்க என்னத்தைத் தின்பது?

பெப்ரவரி பத்தாம் திகதி, சனிக்கிழமை, யாழ்தேவி ரயிலில் வாருங்கோ. கிளிநொச்சி ஸ்டேசனுக்கு வண்டில் வரும். வருவதைத் தந்தியில் அறிவியுங்கோ. ஒரேயொரு நாள் களத்தில் நில்லுங்கோ. மலைக் கதையை அதற்குப் பிறகு இருந்து கதைப்போம்.

உங்கள்
விமலேஸ்வரி


சிவமயம்

கலந்தர் கடை,
வெலிமடைப் பகுதி
14.2.1962

அன்புள்ள விமலேஸ்வரிக்கு,

வருகிறேன் என்று தந்தி அடித்தும் வரமுடியாமல் போய்விட்டது. வெளிக்கிடுகிற அன்று கடும் காய்ச்சல். நபீஸா கொத்தமல்லி அவித்துத் தந்தா. மூன்று நாளாகப் படுக்கையை விட்டு எழும்பவில்லை. நீர் ஏமாந்திருப்பீர் என்று தெரியும். என்ன செய்வது, உடம்பு நம் சொல் கேட்கிறதா?

சூட்டை யாரையாவது கொண்டு மிதிப்பித்துவிட்டு இங்கே வந்துவிடும். எனக்கு அந்த ஊர் சரிவராது. சிற்றம்பலத்தார் இன்னும் என்னைப் பற்றிக் கதைக்கிறாரா? அந்த முகங்களில் நான் எப்படி முழிப்பேன்? உமக்கு அது விளங்காது.

மகள் என்னைக் கேட்கிறாளா? அவளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு
கதிர்காமநாதன்


சிவமயம்

அக்கராயன்
20.2.1962

அத்தானுக்கு,

ஓம், மகள் உங்களைக் கேட்டாள். ஸ்டேசனிலிருந்து வந்தவுடனேயே கேட்டாள்.

வண்டில் கொண்டு போனவர் சிற்றம்பலத்தார். நான் கேட்டுப் போகவில்லை. "என்ரை மாடுகள்தான் கெதியாய் நடக்கும், நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன். அண்டைக்குச் சபையிலை நான் அப்பிடிச் சொன்னது பிழை, வழியிலை அவரோடை கதைக்கவேணும்" என்று அவராகவே வெளிக்கிட்டார். அப்பாவைக் கூட்டிவர வேண்டும் என்று மகளும் தொற்றிக்கொண்டாள்.

திரும்பி வந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல், "கோச்சியிலை ஆள் வரேல்லை பிள்ளை" என்றார். மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். மகள்தான் என்னிடம், "அப்பா இறங்கினவர் அம்மா. சிற்றம்பல மாமாவைக் கண்டவுடனை திரும்பவும் ஏறிட்டார்" என்றாள். அவளுக்கு விளங்கவில்லை. ரயில் ஆனையிறவுப் பக்கம் போய் மறையும்வரை அங்கேயே நின்றார்களாம்.

நீங்கள் சிற்றம்பலத்தாரைக் கண்டீர்கள். அவருக்குப் பின்னால் வண்டிலில் இருந்த உங்கள் பிள்ளையைக் காணவில்லை.

களத்தில் எல்லோரும் மாட்டோடு காத்து நின்றார்கள். நான் போய்ச் சொன்னேன்: "அவர் வரமாட்டார். காவல் காத்தது நான், வெட்டி அடுக்கினதும் நான். நான் உள்ளுக்கு வாறன்." சின்னராசா அண்ணர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செருப்பைக் கழட்டிப்போட்டு வா பிள்ளை" என்றார். நான் போய் முதல் கதிரை உதறிப் போட்டேன். போடும்போது அழுதேன், ஒருவருக்கும் ஒளிக்கவில்லை. நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மழை பெய்தது. விளைச்சலும் குறைவில்லை.

நான் மலைக்கு வரமாட்டேன். குளிருக்குப் பயந்து அல்ல. அந்தச் சனங்களும் நல்ல சனங்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் அங்கேயும் ஒருநாள் யாராவது உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அன்றைக்கு என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு நீங்கள் எந்த ரயிலில் ஏறுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வழி உங்களுக்குத் தெரியும். இனி வண்டில் வராது.

விமலேஸ்வரி