ஒரே சொட்டில் சிவந்த மஞ்சள்

லிங்கராஜபுரம்
12.7.1998

அன்புள்ள பூங்கோதைக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா? அத்தை, மாமாவுக்கு என் வணக்கம். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நம்பு.

இன்று டுடோரியலில் அமிலத்தையும் காரத்தையும் அளந்து சமன் செய்யும் பாடம். நிறம் மாறிக் காட்டும் திரவப் புட்டியை நானே கீழே போட்டு உடைத்துவிட்டேன். கையில் ஒன்றும் படவில்லை. பக்கத்துக் கடையில் மஞ்சள்தூள் வாங்கி அமிலத்தில் கலந்து, சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அமிலம் தீரும்வரை மஞ்சள் அப்படியே இருந்தது. தீர்ந்த பிறகு விழுந்த ஒரே சொட்டில் குடுவை முழுக்கச் சிவப்பு! “சார், ஆரத்தித் தண்ணி! யாருக்குக் கல்யாணம்?” என்று வகுப்பே கத்தியது.

இங்கே மஞ்சளில் வாசனையே இல்லை. வீட்டில் அரைத்தது கொண்டு வா. உன் பழைய புடவை ஒன்றும் வேண்டும். தொட்டிலுக்குக் கொக்கி மாட்டிவிட்டேன்.

பாப்பாவுக்கு வாசலில் ஆரத்தி எடுக்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாயே? வீட்டுக்கார லூர்துமேரியம்மா, “நான் சுத்தறேன், நீ கரைச்சுக் குடு தம்பி” என்றுவிட்டார். அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கிறது. கரைக்க எனக்குத் தெரிந்துவிட்டது, பூங்கோதை. இனி நீங்கள் இருவரும் வரவேண்டியதுதான்.

உன்
உத்தமன்